பசுமைத் துகளும் அளவுகோலும்

நம் கல்லூரிகளின் வேதியியல் ஆய்வகங்களில் கடந்த பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நிகழும் காட்சி ஒன்று உண்டு. கழுவி நறுக்கிய இலையை வாலை வடிநீரில் கொதிக்கவைத்து வடிகட்டுகிறார்கள். ஆறிய சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்க்கிறார்கள். நிறமற்றிருந்த கரைசல் வெளிர் மஞ்சளாகி, மெல்ல மெல்லப் பழுப்பாக அடர்கிறது. வெள்ளி உப்புக்குப் பதிலாகத் தங்க உப்பை எடுத்துக்கொண்டால் மாதுளைச் சாற்றை ஒத்த சிவப்பு தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரியாத உலோக நானோ துகள்கள் பிறந்துவிட்டன என்பதற்கு அந்த நிறமே முதல் அடையாளம். வேம்பு, துளசி, நொச்சி, முருங்கை, ஆவாரை என்று நம் மண்ணின் செடிகள் பலவும் இந்தச் சோதனைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

அண்மைக் காலத்தில் இச்சோதனைக்கு இரண்டாவது கட்டம் ஒன்று சேர்ந்திருக்கிறது. இலைச்சாற்றில் பிறந்த துகளின் மீது 'போர்ஃபைரின்' என்னும் நிற மூலக்கூறை ஒட்டவைப்பதே அது. ஒளி பட்டால் புற்றுநோய்ச் செல்லையோ நோய்க்கிருமியையோ கொல்லும் மருந்தாக இந்த இணைப்பு அமையும் என்பது எதிர்பார்ப்பு. எண்ணம் சிறந்தது, அறிவியல் அடிப்படையும் உள்ளது. ஆயினும், ஆய்வேடுகளை மதிப்பிடும்போதெல்லாம் என் மனத்தில் எழும் கேள்வி மிக எளியது: போர்ஃபைரின் உண்மையிலேயே துகளில் ஒட்டியதா? ஒட்டியதென்றால், ஒட்டிய பிறகும் அது தன் வேலையைச் செய்கிறதா?

இக்கேள்வியின் முக்கியத்துவம் விளங்க, போர்ஃபைரின் என்பது யாது என்பதைப் பார்க்க வேண்டும். நான்கு சிறு வளையங்கள் கைகோத்து ஒரு பெரிய வளையமாக நிற்கும் தட்டையான மூலக்கூறு அது. வளையத்தின் நடுவில் ஓர் உலோக அணு அமர இடம் இருக்கிறது. அங்கே இரும்பு அமர்ந்தால், அது நம் குருதிக்குச் சிவப்பைத் தரும் ஹீம். அந்த வளையத்தைச் சற்றே மாற்றி நடுவில் மெக்னீசியத்தை வைத்தால், அது இலைக்குப் பச்சையைத் தரும் பச்சையம். குருதியின் சிவப்பும் இலையின் பச்சையும் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள். இந்த உறவை வேதியியல் கண்ணால் விளக்கியவர் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ஃபிஷர். அதற்காகவே 1930-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது போர்ஃபைரின் என்னும் பெயர்.

இந்த மூலக்கூறுக்கு ஒளியை விழுங்கும் ஆற்றல் மிகுதி. விழுங்கிய ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றிவிடும் திறனும் உண்டு. அவ்வாறு ஆற்றல் பெற்ற ஆக்சிஜனை 'ஒற்றை நிலை ஆக்சிஜன்' என்று வேதியியல் குறிப்பிடுகிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைப் போல அது சாதுவானதன்று. தொட்ட கொழுப்பையும் புரதத்தையும் சிதைத்துவிடும். ஆனால், அதன் ஆயுள் மிகக் குறைவு. ஒரு செல்லுக்குள் பிறந்தால், மைக்ரோமீட்டரின் சிறு பகுதியளவு தொலைவைக் கடப்பதற்குள் அடங்கிவிடும். அதனால்தான் ஒளி விழும் இடத்தில் மட்டும் சேதம் விளைகிறது. ஒளி படாத இடம் தப்பிக்கிறது. இதுவே ஒளியியக்கச் சிகிச்சையின் அடிப்படை.

சாயமும் ஒளியும் சேர்ந்தால் உயிர் மடியும் என்ற உண்மை நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்தது. மியூனிக் நகரில் மருத்துவ மாணவராக இருந்த ஆஸ்கர் ராப், சாயமேற்றிய நீரில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் ஒளியில் மட்டும் விரைந்து மடிவதைக் கண்டார். அவருடைய முடிவுகள் 1900-இல் வெளியாயின. 1912-இல் ஃபிரீட்ரிக் மேயர்-பெட்ஸ் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 200 மில்லிகிராம் ஹீமட்டோபோர்ஃபைரினைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். வெயில் பட்ட இடமெல்லாம் அவருக்கு வீங்கிச் சிவந்தது. அந்த அவதி வாரக்கணக்கில் நீடித்தது. அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாமஸ் டோஹர்ட்டியின் பல்லாண்டு உழைப்புக்குப் பின்னர், போர்ஃபைரின் வகை மருந்தான ஃபோட்டோஃப்ரின் 1993-இல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக முதன்முதலாக அனுமதி பெற்றது.

அந்த மருந்துக்கும் குறைகள் உண்டு. செலுத்திக்கொண்ட நோயாளி குறைந்தது 30 நாள்களாவது வெயிலைத் தவிர்க்க வேண்டும். பனி விழும் நாட்டில் அது ஓரளவு இயலும். பங்குனி வெயிலில் கூலி வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு அது எத்தகைய கட்டளை என்பதை எண்ணிப் பாருங்கள். மற்றொரு குறை, பல போர்ஃபைரின்கள் நீரில் எளிதில் கரைவதில்லை என்பது. தட்டையான மூலக்கூறுகளாதலால், அடுக்கி வைத்த தட்டுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. அப்படிச் சேர்ந்துவிட்டால் ஒளியை விழுங்கினாலும் ஆக்சிஜனுக்கு ஆற்றலைத் தருவது பெரிதும் குறைந்துவிடுகிறது.

இவற்றுக்குத் தீர்வு தேடியபோதுதான் உலோக நானோ துகள் ஒரு வாகனமாக முன்வந்தது. போர்ஃபைரின்களைத் துகளின் பரப்பில் தனித்தனியே நிறுத்திவைத்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளா; நீரிலும் மிதக்கும்; நோயுற்ற இடத்துக்கு எடுத்துச் செல்லவும் வாய்ப்புண்டு. இது வெறும் கற்பனை இல்லை. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ரசல் குழுவினர், போர்ஃபைரினின் நெருங்கிய உறவான தாலோசயனினைத் தங்கத் துகளில் பிணைத்து, ஒற்றை நிலை ஆக்சிஜன் கூடுதலாக உருவாவதை 2002-இல் காட்டினர். ஆனால், அத்துகள் இலைச்சாற்றில் பிறந்ததன்று. ஆய்வகத்தின் தூய வேதிப்பொருள்களால் ஆனது. அதன் பரப்பில் என்னென்ன இருக்கின்றன என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

இலைவழித் துகளின் வரலாறு தனியானது. அதில் நம் நாட்டுக்குப் பெருமைக்குரிய இடமுண்டு. புணேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு, ஜெரேனியம் இலையைக் கொண்டு 2003-இலும், வேப்பிலை, எலுமிச்சைப் புல் ஆகியவற்றைக் கொண்டு 2004-இலும் வெளியிட்ட ஆய்வுகள் உலகெங்கும் இத்துறைக்கு வழிகாட்டின. எலுமிச்சைப் புல்லின் சாறு முக்கோண வடிவத் தங்கத் தகடுகளைத் தந்தது. கடுமையான வேதிப்பொருள்கள் வேண்டாம், அழுத்தம் வேண்டாம், அறை வெப்பநிலையிலேயே வேலை முடியும் என்பது பெரும் ஈர்ப்பாக இருந்தது. விலையுயர்ந்த கருவிகள் இல்லாத சிறிய ஊர்க் கல்லூரியிலும் நானோ அறிவியல் நுழைந்தது இதனால்தான். அந்த நன்மையை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை.

இலைச்சாறு இங்கே என்ன செய்கிறது? அதிலுள்ள பாலிஃபீனால்கள், ஃபிளேவனாய்டுகள், சர்க்கரைகள், புரதங்கள் ஆகியவை உலோக அயனிக்கு எலக்ட்ரானைத் தந்து அதை உலோக அணுவாக்குகின்றன. அணுக்கள் கூடித் துகளாகின்றன. பின்னர் அதே பொருள்கள் துகளைச் சுற்றிப் படிந்து, துகளும் துகளும் மோதிக் கட்டியாகிவிடாமல் காக்கின்றன. ஆக, இலைவழித் துகள் என்பது வெற்று உலோகம் இல்லை. இலைப் பொருள்களால் ஆன சட்டை அணிந்த உலோகம். இந்தச் சட்டையை மறந்துவிடுவதே பல ஆய்வுகளின் முதற்பிழை.

போர்ஃபைரினை இத்துகளில் சேர்க்க மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. முதலாவது, போர்ஃபைரினில் கந்தகம் கொண்ட ஒரு கையை அமைத்துவிடுவது. தங்கமும் கந்தகமும் இறுகப் பற்றிக்கொள்ளும். இரண்டாவது, மின்னேற்ற ஈர்ப்பு. இலைச்சட்டை அணிந்த துகள் பெரும்பாலும் எதிர்மின் தன்மை கொண்டது. நேர்மின் தன்மையுள்ள போர்ஃபைரின் அதன்மேல் தானே படியும். மூன்றாவது, போர்ஃபைரினின் அமிலக் கையையும் துகளின் சட்டையிலுள்ள அமீன் கையையும் வேதிப்பிணைப்பால் கட்டுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்கல் உண்டு. கந்தகக் கை உலோகத்தைத் தொட வேண்டுமானால் சட்டையை விலக்கிக்கொண்டு நுழைய வேண்டும். மின்னேற்ற ஈர்ப்பால் படிந்தது உப்பு மிகுந்த குருதியில் கழன்றுபோகலாம். மூன்றாவது வழியில், சட்டையில் அமீன் கை எத்தனை இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

ஒட்டியதை எப்படி அறிவது? இங்கேதான் என் சொந்தப் பிழையைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வழிகாட்டுதலில் ஒரு மாணவி இலைச்சாற்றில் செய்த வெள்ளித் துகளையும் ஒரு போர்ஃபைரினையும் கலந்தார். நிறமாலைமானியில் பார்த்தபோது 420 நானோமீட்டர் அருகே இருந்த உச்சம் நன்கு உயர்ந்தது. "ஒட்டிவிட்டது" என்று நானும் ஒப்பினேன். ஆய்வேட்டின் ஓர் இயலே எழுதப்பட்டுவிட்டது. அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் அதே கலவையை மையவிலக்கியில் சுழற்றினார். துகள்கள் அடியில் படிந்தன. மேலே நின்ற நீர் தெளியவில்லை. ஊதா கலந்த செம்மை அதில் அப்படியே இருந்தது. புறஊதா விளக்கின் கீழ் வைத்ததும் அந்நீர் செந்நிறமாக ஒளிர்ந்தது. போர்ஃபைரினின் பெரும்பகுதி எதிலும் ஒட்டாமல் நீரிலேயே மிதந்துகொண்டிருந்தது. முதல் மாணவி அந்த இயலைக் கைவிட்டு, எட்டு மாதம் மீண்டும் உழைத்தார். அந்த எட்டு மாதத்துக்கு நானே பொறுப்பு. ஏனென்றால், பிழை மிக எளிதில் தவிர்த்திருக்கக்கூடியது.

காரணம் இதுதான். வெள்ளித் துகள் ஒளியை வலுவாக விழுங்கும் இடம் ஏறத்தாழ 400 முதல் 420 நானோமீட்டர். போர்ஃபைரின் மிக வலுவாக ஒளியை விழுங்கும் இடமும் ஏறத்தாழ அதுவே. இரண்டையும் ஒரே குடுவையில் ஊற்றினால் இரண்டு உச்சங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, உயர்ந்த ஒற்றை உச்சமாகத் தெரியும். ஒட்டினாலும் உயரும், ஒட்டாவிட்டாலும் உயரும். தங்கத் துகளின் உச்சம் 520 நானோமீட்டர் அருகே இருப்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு. ஆனால், வெள்ளி உப்பு மலிவு என்பதால் நம் ஆய்வகங்கள் பெரும்பாலும் வெள்ளியையே நாடுகின்றன.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இலைச்சாற்றை ஆல்கஹாலில் எடுத்திருந்தால் பச்சையம் அதில் ஏராளமாக வந்திருக்கும். பச்சையம் போர்ஃபைரினின் உடன்பிறப்பு. அதுவும் 430 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும். அதுவும் செந்நிறமாக ஒளிரும். நாம் விலைகொடுத்து வாங்கிச் சேர்த்த போர்ஃபைரினைப் பார்க்கிறோமா, இலை தானே தந்த பச்சையத்தைப் பார்க்கிறோமா என்பது தெரியாமலே ஒரு கட்டுரை அச்சேறிவிடலாம். நீரில் எடுத்த சாற்றில் பச்சையம் குறைவு. சாற்றை எதில் எடுத்தோம் என்னும் ஒற்றை வரி எத்தனை முக்கியமானது என்பதற்கு இது சான்று.

ஒளிர்வு மங்குவதையும் பலர் ஒட்டியதற்கான சான்றாகக் காட்டுகிறார்கள். உலோகத்துக்கு மிக அருகே நிற்கும் போர்ஃபைரின் தன் ஒளிர்வை இழக்கும் என்பது உண்மையே. ஆனால், அடர்பழுப்பான வெள்ளிக் கரைசலே விளக்கொளியின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். குடைக்குக் கீழே நிற்பவர்மேல் வெயில் குறைவாகப் படுகிறது என்பதால், அவர் குடையோடு ஒட்டிவிட்டார் என்று சொல்ல முடியாது. துகளின் நிழலால் எவ்வளவு மங்கியது என்பதைக் கழித்த பிறகே மிச்சத்தைப் பற்றிப் பேசலாம்.

அந்த மிச்சமும் நற்செய்தியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. போர்ஃபைரின் விழுங்கிய ஆற்றலை அருகிலுள்ள உலோகம் பறித்துக்கொள்வதால்தான் ஒளிர்வு மங்குகிறது. உலோகம் பறித்துக்கொண்டால் ஆக்சிஜனுக்குக் கிடைப்பது என்ன? மிக நெருங்கினால் மருந்தின் வேலையே கெடும். சில நானோமீட்டர் தள்ளி நிறுத்தினால் உலோகம் போர்ஃபைரினுக்கு ஒளியைக் கூட்டித் தரவும் கூடும். இணைப்பின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது அந்தச் சிறு இடைவெளியே.

இப்போது இலைச்சட்டைக்குத் திரும்புவோம். அது இந்த இடைவெளியைத் தரக்கூடும் என்பது இலைவழித் துகளுக்குச் சாதகமான வாதம். எதிர்வாதமும் அதே சட்டையில் இருக்கிறது. பாலிஃபீனால்கள் உயிர்வளியேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள். நெல்லிக்காயும் தேயிலையும் உடலுக்கு நல்லவை என்று நாம் சொல்வதற்குக் காரணமாகக் காட்டப்படுபவையும் அவையே. சீற்றமுள்ள ஆக்சிஜனை அடக்குவது அவற்றின் இயல்பு. போர்ஃபைரின் உருவாக்குவதோ அத்தகைய ஆக்சிஜனைத்தான். விளக்கை ஏற்றுபவரையும் அணைப்பவரையும் ஒரே திண்ணையில் அமர்த்திவிட்டு, வெளிச்சம் கூடியது என்று எழுதுவது சரியாகுமா? கூடலாம், குறையலாம். அளந்தவர்தான் சொல்ல முடியும்.

கிருமிகள் மீதான சோதனையில் மேலும் ஒரு கண்ணி உள்ளது. வெள்ளி, இருட்டிலேயே கிருமியைக் கொல்லும். எனவே, வெள்ளித் துகளில் போர்ஃபைரினைச் சேர்த்து, ஒளியில் வைத்து, கிருமி மடிந்தது என்று காட்டினால், கொன்றது ஒளியா வெள்ளியா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. தங்கத் துகள் ஒளியை விழுங்கிச் சூடாகும். அந்தச் சூட்டாலும் செல் மடியக்கூடும்.

ஒளியால் கிருமியைக் கொல்லும் முறை நமக்குத் தேவையில்லாத ஒன்றென்று நான் கூறவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் காலம் இது. ஒற்றை நிலை ஆக்சிஜன் கிருமியின் ஒரே ஓர் உறுப்பைக் குறிவைப்பதில்லை. பல இடங்களை ஒருசேரத் தாக்குகிறது. ஆதலால் கிருமி அதற்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்வது கடினம். மேலும், நேர்மின் தன்மையுள்ள போர்ஃபைரின்கள், வெளிப்புறத்தில் கூடுதல் சவ்வு கொண்ட 'கிராம் எதிர்' வகைக் கிருமிகளையும் தாக்கவல்லவை; மின்னேற்றமற்ற போர்ஃபைரின்கள் அவற்றிடம் பெரும்பாலும் தோற்றுப்போகின்றன. ஆறாத சர்க்கரைப் புண்ணின்மேல் பூசிச் செந்நிற விளக்கைக் காட்டும் ஒரு மருந்து நாளை வருமானால், காலை இழக்கும் நிலையிலிருந்து சிலரையாவது காக்கலாம். இத்தனை பயன் தரக்கூடிய துறை என்பதால்தான் அதன் அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் மொழி. அளப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. முதலில் மையவிலக்கி. கலவையைச் சுழற்றி, மேல்நீரை எடுத்துவிட்டு, அடியில் படிந்ததை மீண்டும் நீரில் கலக்கி, இவ்வாறு மூன்று முறை கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் மேல்நீரில் எவ்வளவு போர்ஃபைரின் வெளியேறியது என்று அளந்தால், துகளில் தங்கியது எவ்வளவு என்பது கழித்தல் கணக்கு. துகள் சேர்க்காத போர்ஃபைரின் கரைசலையும் தனியே சுழற்றிப் பார்க்க வேண்டும். தானே கட்டிசேர்ந்து அடியில் படிந்த போர்ஃபைரினை 'ஒட்டியது' என்று எண்ணிவிடாதிருக்க அது உதவும்.

அடுத்தது ஓர் எளிய கணக்கு. 20 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைத் துகளின் பரப்பு சுமார் 1,250 சதுர நானோமீட்டர். தட்டையாகப் படுத்த ஒரு போர்ஃபைரினுக்கு ஏறத்தாழ 2 சதுர நானோமீட்டர் இடம் தேவை. அப்படியானால் ஓர் அடுக்கில் அதிகபட்சம் 600 மூலக்கூறுகள் படியலாம். நிமிர்ந்து நின்றால் இன்னும் சில மடங்கு கூடலாம். ஒரு துகளில் பல்லாயிரம் ஒட்டியதாகக் கணக்கு வந்தால், அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருக்கின்றன என்றே பொருள். குவிந்தவை வேலை செய்யா என்பதை முன்பே கண்டோம். காகிதமும் எழுதுகோலும் போதும் இந்தச் சோதனைக்கு.

மூன்றாவது, ஒப்பீட்டுச் சோதனைகள். ஒன்றும் சேர்க்காதது, இலைச்சாறு மட்டும், துகள் மட்டும், போர்ஃபைரின் மட்டும், இரண்டும் இணைந்தது என ஐந்து மாதிரிகள். ஒவ்வொன்றும் இருட்டில் ஒன்று, ஒளியில் ஒன்று. ஆகமொத்தம் பத்துத் தட்டுகள். இந்தப் பத்தையும் காட்டாத ஆய்வின் முடிவை நம்புவதற்கில்லை. எந்த நிற விளக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை ஜூல் ஒளி, கரைசலின் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்பனவும் எழுதப்பட வேண்டும். "விளக்கொளியில் வைக்கப்பட்டது" என்ற வாக்கியம் ஒரு சமையல் குறிப்புக்கே போதாது.

நான்காவதுதான் முதன்மையானது. இலையால் விளைந்த நன்மை என்ன? சிட்ரேட் உப்பைக் கொண்டு தங்கத் துகள் செய்யும் முறையை டர்கெவிச்சும் உடன் பணியாற்றியோரும் 1951-இலேயே தெளிவாக விளக்கிவிட்டனர். மலிவான, எளிதில் திரும்பச் செய்யக்கூடிய முறை அது. அதே அளவுள்ள சிட்ரேட் துகளில் அதே போர்ஃபைரினை ஒட்டி, அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இலைவழித் துகள் மேம்பட்டது என்றால், அந்த இலைக்கு உரிய பெருமையை அப்போது தரலாம். இல்லையென்றால், இலையின் பெயர் கட்டுரைத் தலைப்புக்கு ஓர் அலங்காரம் மட்டுமே.

ஒரே மரத்தின் இலை சித்திரையில் ஒருவிதமாகவும் ஐப்பசியில் வேறுவிதமாகவும் இருக்கும் என்பது எந்த உழவருக்கும், எந்தச் சித்த மருத்துவருக்கும் தெரியும். கொழுந்துக்கும் முற்றிய இலைக்கும் வேறுபாடு உண்டு. அவர்கள் பறிக்கும் பருவத்தைக் கவனிப்பார்கள். நம் ஆய்வுக் கட்டுரைகளோ, "வளாகத்தில் இலை சேகரிக்கப்பட்டது" என்பதோடு முடித்துக்கொள்கின்றன. இலை மாறினால் சட்டை மாறும். சட்டை மாறினால் ஒட்டும் அளவும் மாறும். மாதம், இலையின் பருவம், சாற்றிலுள்ள பாலிஃபீனாலின் அளவு ஆகிய மூன்றையும் குறித்துவைப்பது கடினமான காரியமன்று.

பசுமை என்ற சொல்லைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். துகள் இலைச்சாற்றில் பிறக்கிறது, சரி. அதன்மேல் ஒட்டும் போர்ஃபைரின் எங்கே பிறக்கிறது? 1967-இல் ஆட்லரும் லாங்கோவும் தந்த, இன்றும் வழக்கிலுள்ள முறையில், பைரோலையும் பென்சால்டிஹைடையும் புரோப்பியோனிக் அமிலத்தில் கொதிக்கவைக்க வேண்டும். அந்த நெடியை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். தூய்மைப்படுத்தக் குளோரின் கலந்த கரைப்பான்கள் செலவாகும். வெள்ளியும் தங்கமும் சுரங்கத்திலிருந்து வருகின்றன. உடலுக்குள் செலுத்தப்படும் உலோகத் துகள், இலையில் பிறந்தாலும் வேறெதில் பிறந்தாலும், பெரும்பாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்த் தங்குகிறது. ஒரு படி பசுமையாக இருப்பதால் முழுப் பொருளும் பசுமையாகிவிடாது. துளசியின் பெயர் இருப்பதால் அது நஞ்சற்றதும் ஆகிவிடாது.

இப்படியெல்லாம் எழுதுவது இளம் ஆய்வாளர்களின் ஊக்கத்தைக் குலைக்காதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். குலைக்கும் என்று நான் நினைக்கவில்லை. குறைந்த உதவித்தொகையில், கருவிக்காக வேறு ஊர் சென்று காத்திருந்து, ஐந்தாறு ஆண்டுகளைச் செலவிடும் மாணவருக்கு நாம் தரக்கூடிய உண்மையான ஊக்கம், அவருடைய உழைப்பு வீணாகாதபடி முதல் மாதத்திலேயே சரியான கேள்வியைக் கேட்பதுதான். நிறம் மாறியதும் கைதட்டிவிட்டு, வாய்மொழித் தேர்வு நாளன்று கேள்வி கேட்பது அநீதி.

அதற்கு வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் ஆய்விதழ்களும் மனம் மாற வேண்டும். "ஒட்டவில்லை" என்ற முடிவும் ஒரு முடிவே என்று ஏற்க வேண்டும். எந்த இலையின் சட்டை போர்ஃபைரினை ஏற்கவில்லை, எது ஏற்றும் அதன் வேலையைக் கெடுத்தது என்ற பட்டியல் நம்மிடம் இருந்திருந்தால், எத்தனை மாணவர்கள் அதே குழியில் விழாமல் தப்பியிருப்பார்கள்! ஒரு பல்கலைக்கழகத்தின் கீழுள்ள பத்துக் கல்லூரிகள் பத்து வெவ்வேறு இலைகளைத் தேடிப் போவதற்குப் பதிலாக, ஒரே இலையை ஒரே முறையில் செய்து, பத்து இடத்திலும் ஒரே விடை வருகிறதா என்று பார்த்தால், அது நூறு கட்டுரைகளை விடப் பயன் தரும்.

எட்டு மாதம் மீண்டும் உழைத்த அந்த மாணவி தங்கத் துகளுக்கு மாறினார். நேர்மின் தன்மையுள்ள போர்ஃபைரினை எடுத்துக்கொண்டார். மூன்று முறை கழுவினார். பத்துத் தட்டுகளையும் வைத்தார். கடைசியில் அவர் கண்ட விளைவு, முதலில் நாங்கள் எழுதியதைவிட மிகச் சிறியது. ஆனால், மறுமுறை செய்தபோதும் அதே அளவு வந்தது. வாய்மொழித் தேர்வில் "ஒட்டியது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று தேர்வாளர் கேட்டபோது, அவர் மேல்நீர் அளவீடுகள் இருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அதற்குமேல் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.